கற்பூரப் புகையும் காகிதக் கப்பும்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் ஒட்டன்சத்திரம் – பழனி சாலையோரம் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக நிறைந்துவிடும். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடிகள் நத்தம், திண்டுக்கல் வழியாக வரும். கொங்கு நாட்டுக் கூட்டம் தாராபுரம், உடுமலைப் பக்கமிருந்து வரும். பழனிக்கு நடந்து வரும் இத்தனை பேரும் நாள்கணக்கில் சாலையோரக் காற்றைத்தான் மூச்சிழுக்கிறார்கள். தூசியும் புகையும் பிளாஸ்டிக் துகளும் உடம்பை என்ன செய்யும் என்று நடக்கும்போதும் மண்டபத்தில் படுத்திருக்கும்போதும் பேச்சு வரும். அந்தப் பேச்சுகளில் சில பாதி உண்மை. சில நம்பினால் உடம்பைக் கெடுப்பவை.

“பழனிக் காத்து மூலிகைக் காத்து. ரெண்டு நாள் தங்கினா மூச்சு தானா சரியாகும்.”

இதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேற்குக் காற்று இந்தச் சமவெளியின் புகையையும் தூசியையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் தைப்பூசம் ஆடியில் வருவதில்லை. தை மாத விடியற்காலையில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதன் மேலே இருக்கும் காற்றோ சூடானது. கீழே கிளம்பும் புகை மேலேறிப் போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே தங்கிவிடும். பக்தர்கள் வெயிலுக்குப் பயந்து நடப்பதும் அந்த நேரத்தில்தான்.

மத்திய அரசின் தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நகரங்கள் இடம்பெற்றன. பழனி அதில் இல்லை என்பதால் பழனிக் காற்றுக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளின் குறுக்களவு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் இதைத் தடுப்பது கடினம். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், அதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. இந்தியாவின் வரம்பு 40. அரசு வரம்புக்குள் இருக்கும் காற்றும் உடம்புக்கு நல்ல காற்று என்று சொல்லிவிட முடியாது.

சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் 2024 முதல் பழனி மலையைச் சுற்றிவரும் கிரிவீதியில் தனியார் வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. அடிவாரம் வரை காரில் போக முடியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வண்டிப் புகையோடு, பிரேக் தேய்ந்து உதிரும் உலோகத்தூளும் டயர் தேய்ந்து உதிரும் துகளும் அங்கே குறையும். டயரில் செயற்கை ரப்பர் கலந்திருப்பதால் அந்தத் துகளும் மைக்ரோபிளாஸ்டிக் கணக்கில்தான் சேர்கிறது. சுவாமியைச் சுற்றி வருகிறவர்களின் நெஞ்சுக்கு அந்தத் தடை நல்லதே செய்திருக்கிறது.

“கற்பூரமும் சாம்பிராணியும் கிருமியைக் கொல்லும். சாமிப் புகை கெடுதல் பண்ணாது.”

பக்தியைப் பற்றி எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. புகையைப் பற்றித்தான் கேள்வி. கடையில் கிடைக்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பென்டைனிலிருந்து தொழிற்சாலையில் தயாராவது. கரிமம் மிகுந்த பொருள் என்பதால் எரியும்போது கரியை உமிழும். தட்டைக் கவிழ்த்துப் பிடித்து அந்தக் கரியைக் கண்மைக்குச் சேர்த்த பாட்டிகளுக்கு இது தெரியும். ஊதுவத்தியை ஆராய்ந்தவர்கள் 1996இல் தந்த கணக்கு: ஒரு கிராம் எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் துகள், அதே எடை சிகரெட்டில் 10 மில்லிகிராம். சிகரெட் புகையை நேராக நெஞ்சுக்குள் இழுக்கிறோம், ஊதுவத்திப் புகை அறை முழுக்கப் பரவுகிறது, அதனால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று சொல்லிவிடக் கூடாது. திறந்த வெளியில் ஒரு நிமிடம் தீபாராதனை பார்ப்பதால் யாருக்கும் பெரிய கேடு வரப்போவதில்லை. ஜன்னல் இல்லாத பூஜை அறையில் காலையும் மாலையும் புகை போடுவதும், பக்கத்திலேயே ஆஸ்துமாக் குழந்தை படுத்திருப்பதும் வேறு விஷயம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது கொசுவத்தி. ஒரு மண்டபத்து அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்துக்கொண்டு, குளிருக்குக் கதவைச் சாத்தி, மூலைக்கு ஒரு சுருள் கொளுத்துவது பாதயாத்திரையில் சாதாரணம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த கட்டுரை, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள். கொசுவலை இருந்தால் சுருளே தேவையில்லை.

“பேப்பர் கப்தானே, பிளாஸ்டிக் இல்லையே.”

வழியெல்லாம் பந்தல் போட்டுச் சுக்குக் காபியும் மோரும் கொடுக்கிறார்கள். அந்தத் தர்மத்துக்கு இணை கிடையாது. கொடுக்கும் கப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. வெறும் காகிதத்தில் சூடான காபியை ஊற்றினால் ஊறிக் கிழிந்துவிடும். கிழியாமல் இருப்பதற்காக உள்பக்கம் மெல்லிய பாலிஎத்திலீன் படலத்தை ஒட்டியிருக்கிறார்கள். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 100 மில்லி வெந்நீரை இந்தக் கப்புகளில் ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் நீரில் இறங்கியிருந்தன. 2020இல் இந்தச் செய்தி வந்தது. அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு தடைசெய்த 14 வகைப் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் காகிதத் தட்டும் இருக்கின்றன. கேரி பேக் தடை ஊருக்கே தெரியும். கப்புக்கும் தடை என்பது டீக்கடைக்காரர் பலருக்கே தெரியாது.

தண்ணீர் பாட்டிலும் தப்பவில்லை. அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2024இல் ஒரு லிட்டர் பாட்டில் நீரில் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்களை எண்ணினார்கள். பத்தில் ஒன்பது பங்கு, மைக்ரோவையும் விடச் சிறிய நானோ அளவு.

“வாரத்துக்கு ஒரு ஏடிஎம் கார்டு அளவு பிளாஸ்டிக் சாப்பிடுறோமாம்.”

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் செய்தி இது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் 2019இல் போட்ட மதிப்பீடு, வாரத்துக்கு 0.1 கிராம் முதல் 5 கிராம் வரை என்று ஒரு பெரிய இடைவெளியைச் சொன்னது. தலைப்புச் செய்தி உச்ச எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டது. 2021இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உணவு, நீர், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வாரத்துக்குச் சில மைக்ரோகிராம்தான் வந்தது. ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு.

இதைச் சொன்னால் உடனே “அப்படின்னா பயமே இல்லை” என்று மறுகோடிக்குப் போகிறவர்கள் உண்டு. அதுவும் தவறு. மனித நஞ்சுக்கொடியிலும் ரத்தத்திலும் நுரையீரல் திசுவிலும் பிளாஸ்டிக் துகள் கண்டறியப்பட்டுவிட்டது. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 257 பேரை இத்தாலிய மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து 2024இல் எழுதினார்கள். அடைப்புப் படிவத்தில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் அதன் முடிவு. மனித உடம்பில் மைக்ரோபிளாஸ்டிக் செய்யும் கேட்டை உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. ஆனால் புகைத் துகளின் கதை அப்படிப்பட்டதல்ல. வெளிக்காற்று மாசும் அதிலுள்ள நுண்துகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. ரத்தத்தில் பிளாஸ்டிக் என்று அலறிக்கொண்டே, வாசலில் எரியும் குப்பைப் புகையை மூச்சிழுக்கிறோம்.

“குப்பையைக் கொளுத்திட்டா இடம் சுத்தமாயிடும்.”

இதுதான் இந்தப் பட்டியலில் மிக மோசமான நம்பிக்கை. கூட்டம் கடந்துபோன மறுநாள் சாலையோரம் பாருங்கள்: கப், தட்டு, பாட்டில், கிழிந்த பிளெக்ஸ் பேனர், எல்லாம் ஒரு குவியல், அதற்கு ஒரு தீக்குச்சி. பிளெக்ஸ் என்பது பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வரும், புற்றுநோயூட்டும் டயாக்சின் உருவாகும். எரியாத பிளாஸ்டிக் பொடிந்து சாம்பலோடு பறக்கும். ஒரே தீயில் நுண்துகள், நச்சுவாயு, மைக்ரோபிளாஸ்டிக் மூன்றும் கிடைக்கின்றன. டயாக்சின் அத்தோடு நிற்காது. புல்லில் படிந்து, மாட்டுக்குள் போய், பாலின் கொழுப்பில் சேரும்.

பாதயாத்திரைக் குழுவை நடத்தும் குருசாமிமாருக்கு என் வேண்டுகோள்: மாலை போடும் அன்றே ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பந்தலில் சேரும் குப்பையை மூட்டை கட்டித் துப்புரவு வண்டியில் ஏற்றுங்கள், நெருப்பு வைக்க விடாதீர்கள்.

“மூக்கில் துண்டு கட்டினா போதும்.”

மணலையும் பெரிய தூசியையும் துண்டு தடுக்கும். நுண்துகள் அதன் இழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும். முகத்தோடு சரியாகப் பொருந்திய என்95 முகக்கவசம்தான் பயன் தரும்.

“வெல்லம் தின்னா, வாழைப்பழம் தின்னா பஞ்சுத் தூசி வயித்தோட போயிடும்.”

நெய்க்காரப்பட்டி வெல்லமும் மலை வாழைப்பழமும் மணக்கும் ஊர்ப்பக்கத்து மில் தொழிலாளர்களிடம் இப்படி ஒரு நம்பிக்கை இருப்பது இயல்புதான். ஆனால் உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு. விழுங்கிய பழம் நுரையீரலைத் தொடுவதே இல்லை. வெல்லத்துக்கு மட்டும் ஓர் ஆய்வு உண்டு. லக்னோவின் தொழில்சார் நச்சியல் ஆய்வு மையத்தார் 1994இல், தூசிக்கு ஆளான எலிகளுக்கு வெல்லம் கொடுத்தபோது நுரையீரலிலிருந்து துகள்கள் கூடுதலாக வெளியேறியதாக எழுதினார்கள். எலிகளில் கண்ட அந்த ஒரு முடிவு, மில் தொழிலாளிக்கு மருந்தாகிவிடாது.

திண்டுக்கல் மாவட்டம் நூல் மில்களின் மாவட்டம். மில்லில் பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலும் சீவும் கார்டிங்கிலும் பஞ்சு பறக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றால் பிசினோசிஸ் என்ற நோய் வரலாம். பஞ்சோடு ஒட்டி வரும் பாக்டீரிய நச்சு இதற்கு முக்கியக் காரணம். வார விடுமுறை கழித்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு இரைக்கும். அடுத்த நாள் குறையும். குறைகிறதே என்று விட்டால், சில ஆண்டுகளில் குறையாமலே நிலைத்துவிடும். பாலியஸ்டர் கலந்து நூற்கும் இடங்களில் பறப்பது பிளாஸ்டிக் இழை. செயற்கை இழையால் ஆலைத் தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோயைப் போர்த்துகீசிய மருத்துவர்கள் 1975இலேயே எழுதினார்கள். நைலான் இழைத் தூள் பறக்கும் ஆலைகளில் வந்த நோயை அமெரிக்க மருத்துவர்கள் 1998இல் விளக்கினார்கள். மைக்ரோபிளாஸ்டிக் என்ற பேச்சு உலகில் பரவலாக எழுந்ததே 2004க்குப் பிறகுதான். மூச்சோடு போகும் பிளாஸ்டிக் மனிதருக்குக் கேடு செய்யும் என்பதற்கு இன்று நம்மிடம் உள்ள மிக வலுவான சான்று, ஆலைத் தொழிலாளியின் நுரையீரலிலிருந்து கிடைத்தது.

பிசினோசிஸ், சட்டப்படி அறிவித்தாக வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் உள்ள நோய். அதைக் கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கத்து மில்லுக்குப் போகிற பெண் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்து, விடுமுறைக்கு மறுநாள் மூச்சு இரைக்கிறது என்று சொன்னால், சளி என்று விட்டுவிடாதீர்கள். இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டாக வேலை செய்கிறார் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.