விளம்பரப் பட ஆடிஷன்: முகம், தேதி, உரிமை

தொலைக்காட்சி விளம்பரம் ஒரு நடிகரிடம் மூன்றை விலைக்குக் கேட்கிறது: முகம், தேதி, அந்த முகத்தைக் குறிப்பிட்ட காலம் காட்டிக்கொள்ளும் உரிமை. படப்பிடிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். அந்த நாள் கிடைப்பதற்கு முன் நடக்கும் ஆடிஷன்களுக்குச் சம்பளம் கிடையாது. போக்குவரத்துச் செலவும் பெரும்பாலும் நடிகருடையதே. விளம்பர நடிப்பைப் பிழைப்பாகக் கொண்டவருக்கு ஆடிஷன்தான் அன்றாட வேலை. இதில் எது தன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களே நெடுநாள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

அழைப்பு வரும் வழி

தூர்தர்ஷன் 1976 ஜனவரி 1 முதல் வணிக விளம்பரங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. இன்று இந்தத் தொழிலின் பெரிய சந்தை மும்பை. அந்தேரி மேற்கிலும், அதை ஒட்டிய வெர்சோவாவிலும், குறிப்பாக ஆராம் நகரின் தாழ்வான பழைய வீடுகளிலும் காஸ்டிங் அலுவலகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே நாளில் பல ஆடிஷன்களுக்கு நடந்தே போய்வர முடியும். சென்னையில் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் வட்டாரத்தில் இந்த வேலை நடக்கிறது. நகைக்கடை, பட்டுப்புடவை, மசாலாப் பொடி, சமையல் எண்ணெய், வீட்டுமனை ஆகியவை இங்கே அதிக வாய்ப்புத் தருபவை.

பொருளை விற்கும் நிறுவனம் விளம்பர ஏஜென்சியிடம் வேலையை ஒப்படைக்கிறது. ஏஜென்சி தயாரிப்பு நிறுவனத்தையும் இயக்குநரையும் அமர்த்துகிறது. அவர்கள் காஸ்டிங் டைரக்டரிடம் தேவையைச் சொல்ல, அது கோ-ஆர்டினேட்டர்கள் வழியாக நடிகரின் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்கிறது. “30 முதல் 35 வயது அம்மா, தென்னிந்திய முகம், நடுத்தரக் குடும்பம், நாளை மாலைக்குள்” என்ற அளவில்தான் செய்தி இருக்கும். வயது, தேதி, பொருள் மூன்றும் தனக்குப் பொருந்தினால் மட்டுமே கிளம்புவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பல நிறுவனங்கள் ஒரே கதையை ஒரே செட்டில் இருமுறை படமாக்குகின்றன: வட இந்தியாவுக்கு ஒரு நடிகர் குழு, தென்னிந்தியாவுக்கு இன்னொன்று. தமிழ் நடிகர்களுக்கு மும்பையிலிருந்து அழைப்பு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது குழுவுக்காகத்தான். மற்ற விளம்பரங்களில் இந்தியில் எடுத்ததே தமிழில் டப்பிங் ஆகிவிடும்.

பதிவுக் கட்டணம், ‘கார்டு’ போடக் கட்டணம், தங்களிடமே போட்டோ எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை — இவற்றில் எது வந்தாலும் அது ஏமாற்று வேலை. உண்மையான ஆடிஷனில் நடிகர் பணம் கட்டுவதில்லை. கோ-ஆர்டினேட்டரின் கமிஷன், வேலை முடிந்து சம்பளம் வரும்போது அதிலிருந்து கழிக்கப்படும்.

முகம்

முப்பது விநாடி விளம்பரத்தில் ஒரு ஷாட் இரண்டு, மூன்று விநாடிதான் நிற்கும். ‘இவர் வங்கி மேலாளர்’, ‘இவள் கல்லூரிப் பெண்’, ‘இவர் பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகும் அப்பா’ என்று பார்ப்பவருக்கு அந்த நொடியிலேயே பிடிபட வேண்டும். ஆகவே எந்தெந்த வேடத்தில் தன்னைச் சட்டென்று நம்புவார்கள் என்பதை நடிகர் அறிந்திருக்க வேண்டும். இதில் ஆசைக்கு இடமில்லை. தலை நரைத்தபின் இளம் கணவன் வேடத்துக்கு வரிசையில் நிற்பதைவிட, மாமனார் வேடத்துக்கு முதல் ஆளாக நிற்பது பலன் தரும்.

உடை அந்த வேடத்தைக் கோடி காட்டினால் போதும். மருத்துவர் என்றால் வெளிர் நிறச் சட்டை; வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வேண்டியதில்லை. பெரிய எழுத்து, லோகோ, நெருக்கமான சிறு கட்டங்கள், பளீரென்ற வெள்ளை ஆகியவை கேமராவில் உறுத்தும். பழகிய நடிகர்களின் பையில் ஒரு ஃபார்மல் சட்டை, ஒரு குர்தா அல்லது காட்டன் புடவை, ஒரு டி-ஷர்ட், சீப்பு, பவுடர், சேஃப்டி பின் எப்போதும் இருக்கும். ஒரு ஆடிஷனிலிருந்து நேராக அடுத்ததற்குப் போக வேண்டியிருக்கும் என்பதே காரணம்.

அனுப்பும் போட்டோ இன்றைய தோற்றத்தைக் காட்ட வேண்டும். ஃபில்டர் போட்டுத் தோலை வழுவழுப்பாக்கிய படம் அழைப்பைப் பெற்றுத்தரலாம். ஆனால் நேரில் வேறு முகத்தைக் கண்ட காஸ்டிங் டைரக்டர் அடுத்த முறை அழைக்கத் தயங்குவார். தாடியை எடுத்தாலும் முடியை வெட்டினாலும் புதிய படம் அனுப்பிவிடுவது வழக்கம்.

அறைக்குள்

உள்ளே போகுமுன் பெயர் எழுதிவைக்க வேண்டும். வசனம் பெரும்பாலும் சுவரில் ஒட்டியிருக்கும் அல்லது கைபேசியில் வரும். கேமரா முன் முதலில் அறிமுகம்: பெயர், வயது, உயரம், ஊர், தொடர்பு எண். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம் திரும்ப வேண்டும். சில நேரம் இரு கைகளையும் முன்னும் பின்னும் காட்டச் சொல்வார்கள். பொருளைக் கையில் பிடிக்கப்போவதால் நகம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் கணக்கில் வரும். போட்டி நிறுவனத்தின் விளம்பரத்தில் அண்மையில் நடித்ததுண்டா என்றும் கேட்பார்கள். முடிவெடுக்கும் நிறுவனத்தார் அந்த அறையில் இருப்பதில்லை; பதிவைப் பிறகு பார்க்கிறார்கள். சில விநாடி அறிமுகத்திலேயே அடுத்த பதிவுக்குத் தாண்டிவிடவும் கூடும் என்பதால், அறிமுகத்தை ஒப்பிக்காமல், எதிரே இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொல்ல வேண்டும்.

நடிப்பு எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு டீ விளம்பரம் நல்ல உதாரணம். ஆடிஷனில் டீ இருக்காது, காலிக் கோப்பைதான். அதைத் தூக்கும் கையிலேயே பழக்கம் தெரிந்துவிடும்: காலிக் கோப்பை லேசாக மேலேறும், டீ நிறைந்த கோப்பை சற்றே தயங்கி ஏறும். உதட்டருகே வந்ததும் சூட்டுக்கு ஒரு கணம் நிற்க வேண்டும். உறிஞ்சியபின் தொண்டை அசைய வேண்டும். அதற்குப் பிறகே கண்ணில் மாற்றம். பலர் குடிக்கும் முன்பே சிரித்துவிடுகிறார்கள். டீ பிடித்திருப்பதாகச் சொல்ல அங்கே காரணமே பிறக்கவில்லை. பாக்கெட்டையோ பாட்டிலையோ கொடுத்தால் பெயர் கேமராவைப் பார்க்க வேண்டும், விரல் எழுத்தை மறைக்கக் கூடாது.

முதல் டேக் முடிந்ததும், “இப்ப கொஞ்சம் எரிச்சலாப் பண்ணுங்க” என்பதுபோல ஒரு திருத்தம் வரலாம். சொன்னதைக் கேட்டு உடனே மாற்றிக்கொள்கிறாரா என்று பார்க்கும் சோதனை அது. முதலில் செய்ததையே சற்று உரக்கச் செய்பவர் அங்கேயே பின்தங்கிவிடுகிறார்.

2020-ன் கொரோனா ஊரடங்குக்குப் பின் வீட்டிலிருந்தே பதிவுசெய்து அனுப்பும் ஆடிஷன் பெருகிவிட்டது. கைபேசியைப் படுக்கைவாட்டில், கண் உயரத்தில் நிறுத்த வேண்டும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். பின்னால் வெற்றுச் சுவர் போதும். மின்விசிறி ஓசை வசனத்தைக் கெடுக்கும். எதிர்வசனம் சொல்பவர் கேமராவை ஒட்டி நின்று தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோவின் தரம் குறையும். டாக்குமென்டாகவோ டிரைவ் இணைப்பாகவோ அனுப்புவது நல்லது.

தேதி

பதிவு பிடித்திருந்தால் ‘ஷார்ட்லிஸ்ட்’ என்ற செய்தி வரும். கூடவே, “இந்த இரண்டு தேதியையும் பிளாக் பண்ணி வையுங்க” என்பார்கள். அதே தேதிகள் இன்னும் சிலரிடமும் கேட்டு வைக்கப்பட்டிருக்கும். இயக்குநர், ஏஜென்சி, நிறுவனம் மூவரும் ஒப்பிய பிறகு ‘லாக்’ என்று சொல்லும்வரை வேலை உறுதியாகாது. இடையில் லுக் டெஸ்ட், உடை அளவு பார்த்தல் நடக்கலாம். அதன் பிறகும் ஆள் மாறலாம்.

அதே தேதிக்கு வேறு வேலை வந்தால், பிளாக் செய்து வைத்தவரிடம் முதலில் தெரிவித்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் கேட்பதே தொழில் மரியாதை. சொல்லாமல் இன்னொன்றை ஒப்புக்கொள்வது இந்தச் சிறிய வட்டத்தில் விரைவில் பரவிவிடும். சீரியலில் நடிப்பவர்கள் கால்ஷீட் விவரத்தை ஆடிஷனிலேயே சொல்லிவிட வேண்டும்.

உரிமை

சம்பளம் பேசும்போது புதியவர்கள் ‘ஒரு நாளைக்கு எவ்வளவு’ என்று மட்டும் கேட்கிறார்கள். விளம்பரத்தில் பணத்தின் பெரும்பகுதி படப்பிடிப்பு நாளுக்குப் பின்னால் இருக்கிறது. எத்தனை ஆண்டு ஓட்டுவார்கள், எந்தெந்த மாநிலத்தில் அல்லது நாட்டில், தொலைக்காட்சியில் மட்டுமா, இணையத்திலும் சாலையோரப் பேனரிலுமா, எத்தனை எடிட்டுகள் — இவை ஒவ்வொன்றும் விலைக்குரியவை. அமெரிக்காவில் நடிகர் சங்க ஒப்பந்தப்படி படப்பிடிப்புக்குத் தனித்தொகையும், ஒளிபரப்புக்கு 13 வாரச் சுற்றுகளாகக் கணக்கிட்டுத் தனித்தொகையும் உண்டு. ஒளிபரப்புக்குத் தகுந்த தொகை என்னும் இந்த முறை பற்றிய தகராறே 2000-ல் அங்கு ஏறத்தாழ ஆறு மாதம் நடந்த விளம்பர நடிகர்களின் வேலைநிறுத்தத்துக்கு முக்கியக் காரணம். இந்தியாவில் பொதுவாக எல்லாம் சேர்த்து ஒரே தொகைதான். ஆகவே காலவரையறையைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். ‘நிரந்தரமாக’, ‘எல்லா ஊடகங்களிலும்’ என்ற சொற்கள் இருந்தால் தொகையும் அதற்கேற்ப உயர வேண்டும்.

ஒப்பந்தக் காலத்தில் போட்டிப் பொருளுக்கு நடிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். 1980-களில் சர்ஃப் விளம்பரத்தின் ‘லலிதாஜி’யாக வந்த கவிதா சௌத்ரியை மக்கள் அந்தப் பெயராலேயே அடையாளம் கண்டார்கள். அந்த அளவு பதிந்துவிட்ட முகத்தை வேறு சலவைத்தூள் நிறுவனம் தொடத் தயங்கும். சிறு தொகைக்கு ஒரு பல்பொடி விளம்பரத்தை ஒப்புக்கொள்பவர், அடுத்த ஓராண்டு பற்பசை விளம்பரங்கள் அனைத்தையும் இழக்கிறார் என்ற கணக்கு மனத்தில் இருக்க வேண்டும்.

தொகை, காலம், ஊடகம், பணம் தரும் தேதி ஆகியவற்றைப் படப்பிடிப்புக்கு முன்பே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் வர மாதக்கணக்கில் ஆவது சாதாரணம். வரிப் பிடித்தமாக 10% கழித்துக்கொண்டால், அது வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நடிகரின் பொறுப்பு.

குழந்தை நடிகர்களுக்கு 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் பொருந்தும். மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றி மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20% குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போட வேண்டும்.

தேர்வாகாதபோது

காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அப்பா வேடத்துக்குத் தேர்வானவரின் சாயல் இல்லை, ஜோடியைவிட உயரம் அதிகம், நிறுவனத்தார் கதையையே மாற்றிவிட்டார்கள் — இப்படி நடிப்புக்குத் தொடர்பில்லாதவையே மிகுதி. நல்ல பதிவு அப்போது பலிக்காவிட்டாலும் பார்த்தவர் நினைவில் தங்குகிறது. 1996-ல் சந்தோஷ் சிவன் இயக்கிய சந்தனப் பவுடர் விளம்பரத்தில் நடித்த மாதவன், அவருடைய பரிந்துரையால் ‘இருவர்’ படத்துக்காக மணிரத்னத்தின் திரைச்சோதனைக்குப் போனார். அந்த வேடம் கிடைக்கவில்லை; 2000-ல் ‘அலைபாயுதே’ வந்தது. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்பதால் டப்பிங், கார்ப்பரேட் படங்கள், நாடகம் என இன்னொரு வருமானம் இருப்பது அவசியம்.

ஒவ்வொரு ஆடிஷனுக்கும் தேதி, பொருள், காஸ்டிங் அலுவலகம், போட்டிருந்த உடை ஆகியவற்றைக் குறித்துவைப்பது பயனுள்ள பழக்கம். இரண்டாம் முறை அழைத்தால் அதே உடையில் போக வேண்டும். பதிவில் பார்த்த ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். வேலை கிடைத்தவற்றில் உரிமைக் காலம் முடியும் நாளையும் அதே குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்த நாளுக்குப் பின்னும் விளம்பரம் ஓடினால், ஒளிபரப்பான சேனலையும் நேரத்தையும் குறித்து, திரையைப் படமெடுத்து, கோ-ஆர்டினேட்டர் வழியாகப் புதுப்பிப்புத் தொகை கேட்கலாம். போட்டிப் பொருளுக்கான தடையும் அந்த நாளோடு முடிந்தால், அடுத்த ஆடிஷனில் தடை எதுவும் உண்டா என்று கேட்கும்போது ‘இல்லை’ என்று தெளிவாகச் சொல்லலாம்.