பிள்ளைக்குச் சேலைன் ஏற்றும்போது: தாய்மாருக்கும் இளம் தாதியருக்கும்

1. வயிற்றோட்டம் என்றதும் "ஒரு சேலைன் போடுங்க" என்று மன்றாட வேண்டாம். குடிக்கக்கூடிய பிள்ளைக்குப் பெரும்பாலும் ஜீவனி என்ற வாய்வழி நீரேற்றக் கரைசலே போதும். பொதியில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பாவியுங்கள். பிள்ளை சோர்ந்து, குடிக்க மறுத்து, சிறுநீர் குறைந்தால் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.

2. சேலைன் ஏற்ற நரம்பில் செருகும் குழாயான கனூலாவை நிறத்தால் அறியலாம். எந்தக் கம்பனியின் தயாரிப்பானாலும் மஞ்சள் 24, நீலம் 22, இளஞ்சிவப்பு 20, பச்சை 18. இலக்கம் கூடக் கூடக் குழாய் மெலியும். கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் மஞ்சள். அதன் தடிப்பு 0.7 மில்லிமீற்றர்தான். வளர்ந்த பிள்ளைக்கு நீலம். குறைமாதக் குழந்தைக்கு ஊதா நிற 26.

3. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்தது. அப்படிக் கையிருப்பில் இல்லாத கனூலாவை வெளியே வாங்கிவரச் சொல்லித் துண்டு தந்தால், அந்தத் துண்டையே பாமசியில் நீட்டுங்கள்; வாய்ச்சொல்லில் இலக்கம் மாறிவிடும். உறை கிழிந்ததா, நனைந்ததா, காலாவதித் திகதி எப்போது என்று பாருங்கள். வட்டத்துக்குள் 2 எழுதிக் குறுக்கே வெட்டிய அடையாளம் இருந்தால், ஒருமுறைக்கு மேல் பாவிக்கக்கூடாது என்று பொருள்.

4. குளிர்ந்த கையில் நரம்பு தெரியாது. இளஞ்சூட்டுத் துணியைச் சற்று நேரம் சுற்றி வையுங்கள். பிள்ளை எந்தக் கையில் விரல் சூப்பும் என்று முன்பே சொல்லுங்கள். வைத்தியர் அனுமதித்தால் பால் கொடுத்தபடியே ஊசி ஏற்றலாம்; குழந்தைக்கு வலி குறையும்.

5. இளம் தாதியரைப் பழக்குவோர் முதலில் பொம்மைக் கையில் பழக்குங்கள். பிறகு அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். இரண்டு முறை குத்தியும் கிடைக்காவிட்டால் மூன்றாவதற்கு மூத்தவரைக் கூப்பிட வேண்டும். அதில் வெட்கம் இல்லை. பிளாஸ்டர் ஒட்டும்போது குத்திய இடமும் விரல் நுனியும் வெளியே தெரிய வேண்டும். இன்னொன்றை நான் வற்புறுத்திச் சொல்வேன். மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டை, எல்கடுவப் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்க்குத் தமிழ்தான் வரும். தாதிக்குச் சிங்களம் மட்டும் தெரிந்திருக்கலாம். "வலிக்குதா? வீங்குதா? எரியுதா?" என்ற மூன்று வார்த்தைகளும் பயிற்சியில் இருக்கட்டும். மாத்தளையில் அவை ஊசி ஏற்றும் பழக்கத்துக்குச் சமமான தேவை.

6. பிள்ளைகளின் சேலைன் குழாயில் 60 துளி ஒரு மில்லிலீற்றர். ஆகவே நிமிடத்துக்கு 30 துளி விழுந்தால் மணிக்கு 30 மில்லிலீற்றர் ஏறுகிறது. சீக்கிரம் முடியட்டுமே என்று உருளையைத் திருக வேண்டாம். குறிப்பாக, டெங்கின் கடும் கட்டமான 24 முதல் 48 மணி நேரத்தில் நீர் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

7. ஒருமுறை, போர்வைக்குள் கிடந்த ஒரு பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தேன். புறங்கை பணியாரம் மாதிரி உப்பி, தோல் மினுமினுத்துக் குளிர்ந்திருந்தது. சேலைன் நரம்பை விட்டுச் சதைக்குள் இறங்கியிருந்தது. அழுது களைத்துப் பிள்ளை தூங்கிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. மணிக்கொரு தடவை இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம், சிவப்பு, குளிர்ச்சி, ஈரம் எதைக் கண்டாலும், நடுச்சாமமானாலும், தயங்காமல் தாதி மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்.