காய்ச்சல் விட்டது, மறதி விடவில்லையா?

"காச்சல் விட்டுப் போச்சு, ஆனா மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது." டிங்கியோ கோவிட்டோ வந்து தேறியவர்கள் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டங்களில் இப்படிச் சொல்வதுண்டு. வீட்டாரோ சோம்பேறித்தனம் என்பார்கள்; இல்லாவிட்டால் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். இரண்டும் தவறு. இது நோயின் மிச்சம்.

நம் நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளுக்குப் பரவிய மூளைக் காய்ச்சலில் 265 பேர் விழுந்தார்கள். 105 பேர் மாண்டார்கள். கொசுவால் வருவது என்று எண்ணி முதலில் புகையடித்தார்கள், ஊசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. பிழைத்தவர்களில் சிலருக்கு மறதியும் மனச்சோர்வும் குணமாற்றமும் தங்கிவிட்டன. மாதக்கணக்கில் கழித்து மூளை வீக்கம் திரும்பியவர்களும் உண்டு.

கோவிட்டும் டிங்கியும் பெரும்பாலும் அவ்வளவு கொடுமை செய்வதில்லை. ஆனாலும் களைப்பு, மறதி, காரணமில்லாத அழுகை, கோபம் வாரக்கணக்கில் நீடிக்கலாம்.

என்ன செய்யலாம்? மூளைக்கும் கை காலைப் போலவே பயிற்சி வேண்டும், ஓய்வும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை. சாமான் பட்டியலைத் தாளில் எழுதுங்கள். கடைக்குப் போய் முதலில் நினைவிலிருந்து சொல்லிப் பார்த்து, பிறகு தாளைப் பாருங்கள். பிள்ளைகளோடு தாயம் ஆடுங்கள், கணக்குப் போடுங்கள். அசதி வருமுன் நிறுத்திவிட வேண்டும். ஒரே நாளில் முழு வேலைக்குப் பாய்ந்தால் மறுநாள் படுக்கைதான்.

செம்பனைக் குலை வெட்டுகிறவர்களும் மருந்தடிக்கிறவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கவனம் ஒரு நொடி தப்பினால் அரிவாள் எங்கே விழும்? டாக்டரிடம் கடிதம் வாங்கி, இலகு வேலை கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல. மண்டோர் முகம் சுளித்தால் சங்கக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்தே இருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். இரத்தக்குறைவு, இனிப்புநீர், தைராய்டு ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும். மறுபடி காய்ச்சல், இழுப்பு, பேச்சுக் குழறல், ஆள் அடையாளம் தெரியாமை கண்டால் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

"செத்தாத் தேவலை" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள், களைக்கொல்லியைப் பூட்டி வையுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.