ராக் இசையைக் கேட்கும் முறை

ராக் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் கட்சி நான். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் 'மகிழ்ச்சி' (2018) தொகுப்பை ஆண்டர்சன்பேட்டை வீட்டில் பேத்தி போட்டபோதும், முதல் பாட்டிலேயே "நிறுத்தம்மா" என்றேன்.

மறுநாள் தனியே கேட்டேன். ரயில்வேயில் பழகிய காது. இரைச்சலைப் பிரித்துப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். நீங்களும் அப்படிக் கேளுங்கள். முதலில் பாடகரை விட்டுவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிடாரைப் பிடியுங்கள், அதுதான் தண்டவாளம். பிறகு டிரம்ஸ். அதன்மேல் பறை, சட்டி, கட்டமோளம் விழும் இடங்களைக் கவனியுங்கள். சாவு ஊர்வலத்தில் கேட்டு முகம் திருப்பிக்கொண்டோமே, அதே பறை இங்கே கிடாருக்குச் சமமாக நிற்கிறது. கடைசியாகச் சொற்கள்: சென்னைக் கானாத் தமிழ்.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1907-ல் அவர் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டுக்கு நம் தங்கவயலிலும் வாசகர்கள் இருந்தார்கள். 1914-ல் அவர் மறைந்தார். 1926-ல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தார்.

இதைச் சொன்னதும் பேத்தி, "ஏன் தாத்தா இத்தனை நாள் சொல்லவில்லை?" என்றாள். பதில் சொல்லாமல், பாட்டைத் திரும்பப் போடச் சொன்னேன்.