லோ விசிலா, புல்லாங்குழலா?

ஒரு மூங்கில் குழல் நொறுங்கிப் போனதால் ஒரு புதிய இசைக்கருவி பிறந்த கதை உங்களுக்குத் தெரியுமா?

அயர்லாந்து இசைக்கலைஞர் ஃபின்பார் ஃபியூரியிடம் இந்திய மூங்கில் விசில் ஒன்று இருந்தது. அவர் அதை மிகவும் விரும்பி வாசித்து வந்தார். இசைப்பயணம் ஒன்றில் அது சிதைந்துவிட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்னார்டு ஓவர்டன் அதைப் பழுதுபார்க்க முயன்றார், முடியவில்லை. எனவே 1971-இல் அலுமினியக் குழாயில் அதைப் போன்ற ஒன்றைச் செய்து கொடுத்தார். பிறகு பல சுருதிகளிலும் செய்தார். அவற்றுள் 'டி' சுருதியில் அமைந்த நீண்ட குழல் மிகவும் பரவியது. அதுவே 'லோ விசில்', அதாவது தாழ்ந்த சுருதி விசில்.

அயர்லாந்தின் இசையில் இதற்கு முன்பே மரப் புல்லாங்குழல் ஒன்று இருந்தது. ஆகவே ஆழ்ந்த ஒலியுள்ள குழலைக் கற்க விரும்பும் மாணவன் முன் இன்று இரண்டு கருவிகள் நிற்கின்றன. இரண்டிலும் அடிப்படை விரல்துளைகள் ஆறு. இரண்டின் தாழ்ந்த சுரமும் ஒன்றே. துளைகளை மூடித் திறக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? இக்கேள்வியை இயற்பியலிடம் கேட்டுப் பார்ப்போம்.

நீளம் ஏன் ஒத்திருக்கிறது?

குழலில் ஒலிப்பது மரமோ உலோகமோ அன்று. உள்ளே இருக்கும் காற்றுத்தம்பமே அதிர்ந்து ஒலிக்கிறது. இவ்விரு கருவிகளும் இரு முனைகளிலும் திறந்த குழாய்களைப் போல் இயங்குகின்றன. அத்தகைய குழாயின் அடிப்படைச் சுரத்தில், குழாயின் நீளம் அலைநீளத்தில் பாதி என்று நீங்கள் படித்திருப்பீர்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர். இக்கருவிகளின் தாழ்ந்த 'டி' சுரத்தின் அதிர்வெண் சுமார் 294 ஹெர்ட்ஸ். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 117 செ.மீ. அதில் பாதி 58 செ.மீ. அதிர்வு குழாயின் முனைகளுக்குச் சற்று வெளியேயும் நீள்வதால் உண்மையான நீளம் சில செ.மீ. குறையும். லோ விசில் ஆனாலும் சரி, புல்லாங்குழல் ஆனாலும் சரி, இயற்கை இந்த அளவையே கேட்கிறது.

வேறுபாடு எங்கே?

இரண்டிலும் ஒலி பிறக்கும் விதமும் ஒன்றே. மெல்லிய தகடு போன்ற காற்றுத்தாரை ஒன்று கூரிய விளிம்பின்மேல் மோதுகிறது. அது ஒருமுறை விளிம்பின் உட்புறமாகவும் மறுமுறை வெளிப்புறமாகவும் மாறி மாறிப் பாய்கிறது. தாழ்ந்த 'டி' ஒலிக்கும்போது விநாடிக்கு 294 முறை இப்படி ஊசலாடுகிறது. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளிவிடும் கையைப்போல, தாரை காற்றுத்தம்பத்தின் அதிர்வை நிலைக்கச் செய்கிறது.

இந்தத் தாரையைக் குறிபார்த்துச் செலுத்துவது யார்? வேறுபாடு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

விசிலின் வாய்ப்பகுதியில் ஒரு தக்கை இருக்கிறது. அதற்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே ஒரு குறுகிய காற்றுப்பாதை. நீங்கள் ஊதும் காற்று அதன் வழியே சென்று எதிரே உள்ள விளிம்பில் நேராக மோதும். தாரையின் தடிப்பு, கோணம், விளிம்புக்கு உள்ள தொலைவு ஆகிய மூன்றையும் கருவி செய்தவரே நிலையாக அமைத்துவிட்டார். திருவிழாக் கடைகளில் வாயில் வைத்து நேராக ஊதும் மூங்கில் குழல் விற்பார்களே, அதுவும் இந்த வகைதான். சிறு குழந்தை ஊதினாலும் அது ஒலிக்கும்.

புல்லாங்குழலில் தக்கையும் இல்லை, காற்றுப்பாதையும் இல்லை. பக்கவாட்டில் ஒரு துளை மட்டுமே உண்டு. அதன் மறுகரைதான் விளிம்பு. தாரையை உங்கள் உதடுகள்தாம் வடிக்க வேண்டும். இரண்டொரு மில்லிமீட்டர் விலகினாலும் 'உஸ்' என்ற வெறுங்காற்று மட்டுமே வரும். நம் கர்நாடக இசைக்குழலும் பக்கவாட்டில் ஊதுவதுதான்.

செய்து பாருங்கள்

ஒரு வெற்றுக் கண்ணாடிப் புட்டியும், குளிர்பானம் உறிஞ்சும் ஒரு குழலும் எடுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுகுழலின் ஒரு முனையை விரலால் சப்பையாக அழுத்துங்கள். அந்த முனையைப் புட்டியின் வாயருகே வைத்து, எதிர் விளிம்பில் காற்றுப் படும்படி ஊதுங்கள். கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால் ஓரிடத்தில் 'பூ' என்ற ஒலி எழும். உறிஞ்சுகுழலை அந்த இடத்திலேயே பிசின் நாடாவால் ஒட்டிவிடுங்கள். இப்போது யார் ஊதினாலும் ஒலிக்கும். நீங்கள் செய்திருப்பது ஒரு 'விசில்'!

அடுத்து உறிஞ்சுகுழலை எடுத்துவிட்டு, புட்டியின் வாயை உங்கள் கீழுதட்டில் பொருத்தி ஊதுங்கள். புட்டியை முன்னும் பின்னும் மெல்ல உருட்டி ஒலிக்கும் இடத்தைத் தேடுங்கள். இதுதான் 'புல்லாங்குழல்'. புட்டியும் குழலும் அதிரும் முறை வேறானாலும் தாரையும் விளிம்பும் செய்யும் வேலை ஒன்றே. தலை சுற்றினால் உடனே நிறுத்தி இளைப்பாறுங்கள்.

எளிமைக்குக் கொடுக்கும் விலை

அப்படியானால் லோ விசில்தானே நல்லது என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். எல்லாவற்றையும் நிலையாக அமைத்துவிட்டதால், விசில் வாசிப்பவர் தாரையில் மாற்றக்கூடியது அதன் வேகம் ஒன்றைத்தான். பலமாக ஊதினால் ஒலி பெருக்கும். ஆனால் சுருதியும் கூடவே ஏறும். இன்னும் பலமாக ஊதினால் தாரை விளிம்பை விரைவில் எட்டி, சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். ஆகவே தாழ்ந்த சுரங்களை மென்மையாகத்தான் வாசிக்க முடியும். உயர்ந்த சுரங்களுக்குப் பலமாகத்தான் ஊத வேண்டும். உரப்பும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன.

புல்லாங்குழல் வாசிப்பவர் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார். உதட்டின் திறப்பைப் பெரிதாக்கினால் வேகம் கூடாமலே அதிகக் காற்றைச் செலுத்தலாம். உதட்டை விளிம்பருகே கொண்டுசென்று, மேல் ஸ்தாயியையும் மெல்லென ஒலிக்கலாம். ஊதுதுளையைச் சற்று மூடி, ஏறிய சுருதியை இறக்கலாம். முதல் மாதத்தில் அவரைத் திணறவைத்த அதே சுதந்திரம் பின்னாளில் அவருடைய செல்வமாகிறது.

வேறு சில வேறுபாடுகளும் உண்டு. மூச்சில் உள்ள நீராவி விசிலின் குறுகிய பாதையில் குளிர்ந்து துளியாகி அதை அடைத்துக்கொள்ளும். புல்லாங்குழலில் அடைபட அப்படியொரு பாதையே இல்லை. லோ விசிலின் உருளைக் குழாயில் துளைகள் விலகி நிற்பதால், பலர் விரல் நுனிக்குப் பதிலாக விரலின் நடுக்கணுப் பகுதியால் மூடுகிறார்கள். ஐரிஷ் மரக்குழலின் உட்புறமோ அடிநோக்கிக் குறுகும். அதனால் துளைகளைச் சற்று நெருக்கமாக வைக்க முடிகிறது. ஆனால் அதைப் பக்கவாட்டில் பிடிப்பதால் கழுத்தும் தோளும் பழக வேண்டும். 1847-இல் தியோபால்டு போம் உருளை வடிவப் புதிய குழலை அமைத்தபின், ஐரோப்பிய இசைக்குழுக்கள் கைவிட்ட பழைய மரக்குழல்கள் அயர்லாந்தின் நாட்டுப்புறக் கலைஞர்களிடம் வந்து சேர்ந்தன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

இன்றே பாட்டு வாசிக்க வேண்டும், கவனம் முழுவதும் விரல்களிலும் தாளத்திலும் இருக்க வேண்டும் என்றால் லோ விசில் நல்ல தோழன். ஒலியின் ஏற்ற இறக்கத்தை உங்கள் கையில், இல்லை, உங்கள் உதட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்காகச் சில வாரங்கள் பொறுக்கவும் முடியும் என்றால் புல்லாங்குழலை எடுங்கள். ஒன்றைக் கற்றுப் பின்னர் மற்றதற்கு மாறினாலும் ஐரிஷ் கருவிகளில் விரல் பயிற்சி வீணாகாது. கர்நாடகக் குழலுக்கு மாறினால் விரல்துளைகள் எட்டு. விரல் முறையைப் புதிதாகக் கற்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். புல்லாங்குழலை வாங்கி, பத்து நாள் ஊதி, ஒலி வராமல், "எனக்கு இசை வராது" என்று பரண்மேல் போட்டவர்கள் பலர். அவர்களிடம் குறைந்தது இசைஞானம் அன்று. இலக்குக்கு இரண்டு மில்லிமீட்டர் தூரம்தான். புட்டியை உருட்டி ஒலியைத் தேடினீர்களே, அதே பொறுமையோடு குழலையும் உருட்டித் தேடுங்கள். விளிம்பு அங்கேதான் காத்திருக்கிறது.

சிந்தித்து விடை காண்க: லோ விசிலைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் சிறிய 'டி' விசில் ஒன்று உண்டு. அதன் தாழ்ந்த சுரத்தின் அதிர்வெண் சுமார் 587 ஹெர்ட்ஸ். அதன் நீளம் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்?

(விடை: ஏறத்தாழ 29 செ.மீ.)