கடிகாரமும் கைத்திறனும்
(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

பழந்தமிழர் பொழுதை நாழிகையால் அளந்தனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். நீர்க்கருவியைக் கொண்டு நேரம் அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு நமக்குக் காட்டுகிறது. பிற்காலத்தில் அப்பணியை ஊசல் கடிகாரம் ஏற்றது. நீரானாலும் ஊசலானாலும், கருவியைச் சரியாக ஓடவைக்க ஒரு மனிதர் வேண்டும். அவருடைய அறிவைப் பற்றியதே இக்கட்டுரை.

சாவி கொடுக்கும்போது கடிகாரத்தின் சுருள்வில்லில் ஆற்றல் சேர்கிறது. பற்சக்கரங்கள் வழியே அது வெளிவர முயல்கிறது. ஊசலோடு இணைந்த நங்கூர வடிவ உறுப்பு, ஒரு முழு அலைவுக்கு ஒரு பல் மட்டுமே நகரும்படி கடைசிச் சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடுகிறது. நாம் கேட்கும் 'டிக் டிக்' அந்தத் தடுப்பின் ஓசையே. விடும்போது சக்கரம் ஊசலைச் சற்றே தள்ளுவதால், ஊசல் ஓய்வதில்லை.

ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பொறுத்தது. 1672-இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற ழான் ரீஷேர், தம் கடிகாரம் நாள்தோறும் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கக் கண்டார். நிலநடுக்கோட்டின் அருகே ஈர்ப்பு குறைவு என்பதே காரணம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் லண்டனில் 99.4 செ.மீ.; சென்னையில் 99.1 செ.மீ. அங்கே சரிபார்த்த கடிகாரம் இங்கே நாளுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கும். மூன்று மில்லிமீட்டர் செய்யும் வேலை அது!

இதை நான் வகுப்பில் படித்தேன். கீழ்க்கட்டளையில் சிறிய கடை வைத்திருக்கும் என் தந்தையார் எட்டாம் வகுப்போடு நின்றவர்; இந்தச் சூத்திரத்தை அறியார். ஆனால் சுவர்க்கடிகாரம் வந்தால் முதலில் அதைத் திறக்கமாட்டார். காது கொடுத்துக் கேட்பார். இரண்டு ஓசைகளுக்கிடையே இடைவெளி சமமாக இல்லையெனில், பெட்டியைச் சற்றே சாய்த்துப் பார்ப்பார். பின்தங்கினால் ஊசல் குண்டின் அடியிலுள்ள திருகை ஏற்றுவார். 25 செ.மீ. ஊசலில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் நாளுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் முந்தும் என்று நான் கணக்கிட்டேன். எத்தனை சுற்று வேண்டும் என்பது அவர் விரலுக்கு முன்பே தெரியும். "எண்ணெய் ஒரு பொட்டுதான். அதிகமானால் தூசி சேர்ந்து அச்சைத் தின்றுவிடும்" என்பார். உராய்வைப் பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் உண்டா?

இன்று நிலைமை மாறிவிட்டது. குவார்ட்ஸ் கடிகாரத்தில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று. அதுவே ஒரு நொடி. துல்லியத்தில் ஊசல் இதனோடு போட்டியிட இயலாது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட, 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. என் தந்தையாரின் மேசைக்கும் இப்போது பெரும்பாலும் பேட்டரி மாற்றவே வருகிறார்கள்.

"இந்த ஸ்டூலில் நீ உட்கார வேண்டாம், படி" என்று சொல்லித்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். அவர் விருப்பம் நியாயமானது. அத்தொழில் இனி ஒரு குடும்பத்தைக் காப்பது அரிது. ஆயினும் தொழிலை விடுவது வேறு, அறிவை விடுவது வேறு. அவரைப் போன்றோரின் அறிவு எந்த நூலிலும் இல்லை. கையில் மட்டுமே இருக்கிறது.

நம்முள் பலர் தச்சர், கொல்லர், நெசவாளர் வீடுகளிலிருந்து வந்தவர்கள். விடுமுறையில் ஒரு நாள் பெற்றோர் அருகில் அமர்ந்து, அவர்கள் செய்வதை அளவோடும் காரணத்தோடும் தமிழில் எழுதிவைப்போம். எழுதப் படிக்க அவர்கள் நம்மை அனுப்பியதற்கு நாம் செய்யும் முதற் கைம்மாறு அதுவாகட்டும்.