ஜகாத்தில் ஊராருக்கு முதலிடம் கொடுப்பது ஊர்வெறியா?

ரமலான் நெருங்கிவிட்டால் பள்ளிவாசலில் இரண்டு விதமான ரசீதுப் புத்தகங்களைக் காண்கிறோம். ஒன்று நம் மஹல்லா ஏழைகளுக்காக. மற்றொன்று போராலும் பஞ்சத்தாலும் வீடிழந்த அயல்நாட்டு மக்களுக்காக. சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ முடிந்ததும் சபராளி ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் ஜகாத் முழுவதையும் நம்ம ஊருக்குத்தான் கொடுத்து வருகிறேன். மகன், 'வாப்பா, இது ஊர்வெறி. பசிக்கு ஊர் ஏது?' என்கிறான். நான் செய்வது தப்பா?" என்று கேட்டார்.

மகன் கேட்டது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. எனவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முஆத் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடம் ஜகாத்தை வாங்கி அங்குள்ள ஏழைகளிடமே சேர்க்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. பின்னாளில் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் ஜகாத் வசூலிக்கச் சென்று வெறுங்கையோடு திரும்பினார்கள். பொருள் எங்கே என்று கேட்கப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் எங்கே வாங்கி எங்கே கொடுத்தோமோ அப்படியே செய்துவிட்டேன் என்று பதிலளித்ததாக அபூதாவூதில் வருகிறது.

இதை வைத்தே இமாம்கள் சட்டம் வகுத்தார்கள். பொருள் இருக்கும் ஊரில் பெறத் தகுதியானவர்கள் இருக்கும்போது ஜகாத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோவது கூடாது என்பது ஷாபிஈ மத்ஹபின் பலமான சொல். ஹனபி மத்ஹபில் அது மக்ரூஹ். ஆனால் உறவினருக்கோ, அதிகத் தேவையுள்ளவர்களுக்கோ அனுப்பினால் மக்ரூஹ் இல்லை. ஓர் ஊரின் செல்வத்தை அன்றாடம் கண்ணால் காண்பவர்கள் அவ்வூர் ஏழைகள். அவர்களுடைய எதிர்பார்ப்பு அதன்மீது படிந்திருக்கிறது என்று பிக்ஹு நூற்களில் காரணம் சொல்கிறார்கள். எவ்வளவு நுட்பமான கவனிப்பு!

ஆகவே அருகில் உள்ளவரை முந்திக் கவனிப்பது வெறியாகாது. தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத்தா என்று ஒருவர் கேட்டதற்கு, அது அஸபிய்யத் ஆகாது, அநியாயத்தில் அவர்களுக்குத் துணை நிற்பதுதான் அஸபிய்யத் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக இப்னு மாஜாவில் காணலாம்.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பாதிப் பாடம்தான் படித்தவர்களாவோம். அபூஉபைத் (ரஹ்) அவர்களின் 'அல்அம்வால்' நூலில் ஒரு செய்தி உண்டு. முஆத் (ரலி) அவர்கள் யமனிலிருந்து ஜகாத்தில் மூன்றில் ஒரு பங்கை மதீனாவுக்கு அனுப்பினார்கள். வரி திரட்டவா உம்மை அனுப்பினேன் என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும்போது நான் எதையும் அனுப்பவில்லையே என்றார்கள் முஆத் (ரலி). மறு ஆண்டு பாதி வந்தது. அதற்கடுத்த ஆண்டு முழுவதுமே வந்துவிட்டது. உள்ளூர்த் தேவை தீர்ந்ததும் பொருள் எல்லை தாண்டியது. அதே உமர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரி 18ல் ஹிஜாஸைப் பஞ்சம் வாட்டியபோது மிஸ்ருக்கும் ஷாமுக்கும் எழுதி உணவு வரவழைத்தார்கள். அன்று மிஸ்ருவாசிகள், "எங்கள் தானியம் எங்கள் ஊருக்கே" என்று சொல்லியிருந்தால் மதீனாவின் கதி என்ன?

இனி நம் சபராளியின் கதைக்கு வருவோம். அவருக்குக் கடை எங்கே என்று கேட்டேன். சிங்கப்பூரில், முப்பது வருஷமாக என்றார். இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. வியாபாரப் பொருளின் ஜகாத்துக்கு ஊர் எது? பொருள் இருக்கும் ஊர், பிறந்த ஊரல்ல. சிங்கப்பூரில் 1968ல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றம் ஜகாத்தைப் பெற்று அங்குள்ள ஏழைகளுக்கு வழங்கி வருகிறது. அங்கே ஈட்டியதை இங்கே அனுப்பும் நம்மவர், உண்மையில் அருகில் உள்ளவரை விட்டுவிட்டுத் தூரத்தில் உள்ளவருக்குக் கொடுக்கிறார்! மகன் குற்றம் சொன்ன 'உள்ளூர்ப் பற்று' அவரிடம் இல்லவே இல்லை. 'நம்ம ஆட்கள்' என்ற பற்றுதான் இருந்தது. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"அப்படியானால் விதவையாகிப்போன என் தங்கச்சிக்கு?" என்று பதறினார். பதற வேண்டாம். உறவுள்ள ஏழைக்குக் கொடுப்பதில் தர்மமும் உறவைப் பேணலும் ஆக இரு நன்மைகள் உண்டு. ஹனபி மத்ஹபில் தடையுமில்லை. ஷாபிஈ மத்ஹபிலும், யமன் நாட்டு இப்னு உஜைல் (ரஹ்) போன்றோர் ஜகாத்தை வேறு ஊருக்கு அனுப்பலாம் என்றே பத்வா கொடுத்துள்ளார்கள். சபராளிகள் அதைப் பின்பற்றிக்கொள்ளலாம். ஆனால் முழுவதையும் அனுப்பிவிட்டு, கடைக்குப் பின்சந்தில் இருக்கும் மலாய்க்கார விதவையை யாரென்றே அறியாமல் இருப்பதை என் மனம் ஒப்பவில்லை. பித்ரா விஷயம் இன்னும் தெளிவு: பெருநாள் இரவு பிறக்கும்போது நாம் எங்கே இருக்கிறோமோ, நம் பித்ராவுக்கு அதுவே ஊர்.

ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கே உரியது என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஸதகாவுக்கோ அந்தக் கட்டுப்பாடும் கிடையாது, ஊர்க் கணக்கும் கிடையாது. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் கரையோர மீனவ மக்களுக்குச் சோறாக்கிப் போட்டார்களே, யாரிடமும் மதம் கேட்டா போட்டார்கள்? அயல்நாட்டுப் பஞ்சத்துக்கென்று நீட்டப்படும் ரசீதுக்கும் இந்த வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது. தேவை அங்கே கடுமையாக இருந்தால் ஜகாத்திலிருந்தும் ஒரு பங்கு அனுப்ப ஹனபிச் சட்டம் இடம் தருகிறது.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தச் சந்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று இத்தனை வருஷத்தில் நான் விசாரித்ததே இல்லை, ஹஜ்ரத்" என்றார். ஜகாத்தை மூன்று பங்காக வைத்துப் பார்க்கும்படியும், மூன்றாவது பங்கை எங்கே அனுப்பலாம் என்பதை மகனிடமே கேட்கும்படியும் சொல்லி அனுப்பினேன்.